தும்மலுக்கு நூறு

ஜனவரி 8, புதன்

துறை கொடுத்த புது டைரி. பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஓர் ஆட்டுத்தலையை அச்சிட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க ஆட்டு முகத்திலேயே விழிக்கிற எனக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

முதல் பக்கத்திலேயே ஒரு விதி எழுதி வைக்கிறேன். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதில்லை. இதற்கு முன் மூன்று டைரிகளில் எழுதினேன். மூன்றிலும் தெரிந்த முதல் நாளே, சிவப்பு மையில், வாரக் கணக்கோடு. மூன்றும் நிற்கவில்லை. கடைசியாக வந்தது பதினோராவது வாரம் வரை இருந்தது. நான் ஒரு கால்நடை மருத்துவர். பேனா மைக்கும் கருப்பைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதாமல் இருக்கப் போகிறேன்.

ஆகவே ஆடு.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டின் நடுவில் எங்கள் செம்மறி ஆராய்ச்சி நிலையம். என் பொறுப்பில் இருபது பெட்டை ஆடுகள். இவற்றுக்கு மட்டும் மூக்குப்புழு மருந்து கொடுக்காமல் விட்டு வைத்திருக்கிறோம். உச்சிவெயிலில் ஓர் ஈ வரும். உட்காரக்கூடச் செய்யாது. பறந்தபடியே ஆட்டின் மூக்குத் துவாரத்தில் தன் பிள்ளைகளைப் பீய்ச்சிவிட்டுப் போய்விடும். முட்டைகூட இல்லை, உயிருள்ள புழுக்கள், கடுகில் பாதி இருக்கும். அவை மூக்குக்குள் மாதக்கணக்கில் குடியிருக்கும். ஆட்டின் உடம்பு அவற்றை ஏன் விரட்டாமல் இருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வாரம் ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். மார்ச் மாதம் பன்னிரண்டு ஆடுகளை அறுத்து, தலையைப் பிளந்து, உள்ளே எத்தனை புழு என்று எண்ண வேண்டும்.

காலை ஊசி போட்டாயிற்று. ஆட்டுக்கு இல்லை.

ஜனவரி 11, சனி

தூத்துக்குடியிலிருந்து நயினார் வந்தார். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு நாள் தரைக்கு இறங்கி இங்கே வருவார். பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே கேட்டார்.

"அந்த விஷயம் எப்படி இருக்கு?"

"எந்த விஷயம்?"

"சரி சரி. நான் ஒண்ணும் கேக்கல."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மீன் இல்லாமல் வந்திருக்கிறார். தாளிக்காமல் ஒரு ரசம் வைத்தார். தாளிக்காத ரசத்துக்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கிறார், எழுத முடியாது.

ஊசியைத் தான் போட்டு விடட்டுமா என்று கேட்டார். நாற்பது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து பூப்போல இறக்குகிற கை, ஊசியை எடுத்ததும் வெடவெடவென்று நடுங்கியது. நானே போட்டுக்கொண்டேன். ஆயிரம் ஆட்டுக்குப் போட்ட கை என்னுடையது. என் வயிற்றுத் தோலைப் பிடிக்கும்போது மட்டும் அதுவும் கொஞ்சம் யோசிக்கிறது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு இல்லாததால் மாடத்தி ஆடுகளுக்குப் பொட்டு வைத்தாள். மாடத்தி பட்டி வேலை பார்ப்பவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆடுகளோடு சரளமாகப் பேசுவாள். ஆடு தும்மினால் குழந்தைக்குச் சொல்வதுபோல் "நூறு" என்று ஆயுசு சொல்லுவாள். அதே ஆடு மறுபடி தும்மினால் "இருநூறு". இன்று காலை பட்டியில் மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயுசு வழங்கப்பட்டது.

எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வேம்புக்கு அடியில் ஊற்றிவிட்டேன். இப்போதெல்லாம் அந்த வாசனை ஆகவில்லை. வயிறு சரியில்லை போல.

போன நவம்பர் மழையில் வேலி சாய்ந்து, ஒரு கிடா அரைநாள் என் இருபது ஆடுகளுக்கு நடுவே புகுந்து விளையாடிவிட்டது. அதன் பிறகு பத்தொன்பது ஆடும் மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டன. கிடாயை வேலியோரம் நடத்திக்கொண்டு போனால் ஓடி வந்து வாலை ஆட்டுகின்றன. காதில் 47 என்று மஞ்சள் வில்லை போட்ட ஆடு மட்டும் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

"டாக்டரம்மா, நாப்பத்தேழு செனையாயிருச்சு. ரிஜிஸ்டர்ல எழுதிக்கோங்க" என்றாள் மாடத்தி.

பதிவேட்டைத் திறந்தேன். 47, அதற்கு நேரே 'சினை' என்ற கட்டம். பேனாவை வைத்தேன். மை இறங்கவில்லை என்று எழுதினால் பொய். கை இறங்கவில்லை.

"அடுத்த வாரம் பாப்போம்" என்றேன்.

சினையான ஆடு இந்த ஆராய்ச்சியில் இருக்கக் கூடாது. எழுதியிருந்தால் இன்றே அதைப் பிரித்து வேறு பட்டிக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்பதற்கு ஒரு காரணம் யோசித்து வைக்க வேண்டும்.

ஜனவரி 22, புதன்

ஊசி. ரத்தம், இருபது குழாய். கொத்தமல்லி பூத்துவிட்டது, காடெல்லாம் வெள்ளை. மத்தியானம் மேஜையிலேயே தூங்கிவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

கண்ணாடித் தட்டில் ஆட்டு ரத்தத்தின் வெள்ளணுக்களை விட்டு, மேலே புழுவின் எச்சில் சாறு ஒரு துளி விட்டேன். சாதாரணமாக அந்நியன் வாசனை பட்டதும் இந்த அணுக்கள் பத்தாய் நூறாய்ப் பெருகிச் சண்டைக்கு நிற்கும். இன்று நிற்கவில்லை. எச்சிலில் இருக்கிற ஒரு நொதி, ஆட்டின் எதிர்ப்புப் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுகிறது. காவல்காரர்கள் இருக்கிறார்கள், தடி இருக்கிறது, விசில்தான் ஊதவில்லை. யாரோ டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்த மாதிரி அமைதியாக இருக்கிறார்கள்.

எனக்கு நேர்மாறு. போன வருஷம் திருநெல்வேலி டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க உடம்புல காவல் கொஞ்சம் ஜாஸ்திம்மா. வர்றது யாருன்னு பாக்காமலே விரட்டிருது." மூன்று பேரையும் விரட்டியது நான்தான் என்று அன்று தெரிந்தது. ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஓர் ஊசி எழுதிக் கொடுத்தார். வேண்டியிருக்கும்போது போட்டுக்கொள்ள.

ஒரு வார்த்தை உண்மையாக எழுதுகிறேன். எனக்கு அந்த ஆடுகள் மேல் பொறாமை. ஈயின் பிள்ளைக்குக்கூட இடம் கொடுக்கத் தெரிந்த உடம்பு அது.

இருபதிலும் 47தான் மிக அமைதி. அதன் எதிர்ப்புக் கணக்கு வாரா வாரம் இறங்கிக்கொண்டே போகிறது.

பிப்ரவரி 5, புதன்

மத்தியானத் தூக்கம் இப்போது வழக்கமாகிவிட்டது. பட்டியோரம் உடை என்கிற வேல மர நிழலில் கயிற்றுக் கட்டில். ஆடுகள் ஈக்குப் பயந்து வட்டமாகக் கூடி, ஒன்றின் வயிற்றடியில் ஒன்று மூக்கை நுழைத்து நின்றுகொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தலையே இல்லாத ஒரே பெரிய ஆடு. அதற்கு அப்பால் கானல். கானலுக்குள் ஒரு பஸ் சத்தமில்லாமல் மிதந்து போனது. எப்போது கண் மூடினேன் என்று தெரியவில்லை.

கனவில் நான் 47இன் மூக்குக்குள் நடந்துகொண்டிருந்தேன். சிவப்பான, ஈரமான தாழ்வாரம். சுவரெல்லாம் சங்கின் உட்புறம்போலச் சுருண்டு சுருண்டு போனது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு காவல்காரர் முக்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆடு மூச்சு விடும்போதெல்லாம் வெதுவெதுப்பான காற்று வந்து அவர்களுடைய மீசையை அசைத்தது. நான் கொலுசைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். என் பக்கத்தில் இன்னொருவர் நடந்து வந்தார். மிகவும் சின்னவர், என் முழங்காலுக்குக்கூட இல்லை. அவரைக் குனிந்து பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பார்த்தால் காவல்காரர்கள் விழித்துக்கொள்வார்கள். பார்க்காமலே விரலை மட்டும் நீட்டினேன். பிடித்துக்கொண்டார்.

விழித்தபோது 47 கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் சுண்டுவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. உப்புக்காக இருக்கும். விரலை எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் கிடந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

கிழக்கே மிளகாய் வத்தல் காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள். களமெல்லாம் சிவப்பு. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நெடி நேராக மூக்கில் ஏறுகிறது.

ஆடுகளுக்கு இது ஒரு விதத்தில் நல்லது. முற்றிய புழு வெளியேறுவதற்கு ஒரே வழி தும்மல்தான். இன்று 31ஆம் எண் ஆடு ஒரு போடு போட்டது. விரல்கணு அளவுப் புழு ஒன்று வெளியே தெறித்து மண்ணில் நெளிந்தது. மாடத்தி "நூறு" என்று சொல்லிக்கொண்டே அதை இடுக்கியில் எடுத்து, மண் நிரப்பிய பாட்டிலில் போட்டாள்.

"யாருக்கு நூறு சொல்ற, ஆட்டுக்கா, புழுவுக்கா?" என்று கேட்டேன்.

"யாருக்கு ஆயுசு கெட்டியோ அதுக்கு. எனக்கென்ன, வாய் வலிக்கவா செய்யுது?"

அப்போது எனக்கும் வந்தது. மூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காது அடைத்தது. தும்மவில்லை. இந்த ஒரு மாதத்தில் நான் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. ஆறு வருஷம் படித்து, மேலே இரண்டு வருஷமும் படித்தவள், எதையோ வெளியே தள்ளிவிடுவேன் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாராவது பார்த்தால் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

மாடத்தி பார்த்தாள்.  முகத்தை மூடிக்கொள்ள அவளுடைய துண்டைக் கொடுத்தாள்.

பிப்ரவரி 19, புதன்

லீவு. படுத்திருந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கூரையில் இருபத்திரண்டு ஓடுகள் உடைந்திருக்கின்றன.

பிப்ரவரி 21, வெள்ளி

நயினார் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்றே வந்துவிட்டார். என் கால்மாட்டில் உட்கார்ந்து, கேட்கக் கூடாததைக் கேட்காமலிருப்பதற்காக, கிரேனைப் பற்றியே இரண்டு மணிநேரம் பேசினார். ஒரு கிரேனைப் பற்றி இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதலாம், இது விதியில் வராது.

பிப்ரவரி 26, புதன்

பன்னிரண்டு. எதன் கணக்கு என்று எழுத மாட்டேன். இதற்கு முன் இந்த எண்ணுக்கு வந்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

நிலையத் தலைவர் சந்தானம் சார் என் வரைபடத்தைப் பார்க்க வந்தார். அவர் பட்டிப் பக்கம் வருவது தேர்தலைப்போல எப்போதாவதுதான். மற்ற ஆடுகளின் கோடு கொஞ்சம் ஏறியும் கொஞ்சம் இறங்கியும் இருக்க, 47இன் கோடு வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்திருந்தது.

"பிரமாதம்மா! புழு எப்படி ஆட்டை மயக்குதுன்னு இதவிடத் தெளிவா யாரு காட்டிருக்காங்க? இதோட தலையத் தொறந்தா நாப்பது புழுவாவது இருக்கும். லிஸ்ட்ல மொதல்ல இதப் போடுங்க."

அந்த இறக்கத்துக்குக் காரணம் புழு மட்டும்தானா? சினையான உடம்பும் தன் காவலைத் தானே தணித்துக்கொள்ளும். அப்படித் தணியாவிட்டால் எந்தக் குட்டியும் பிறக்காது. 47க்குள் இரண்டு விருந்தாளிகள் இருக்கிறார்கள். யாருக்காக எவ்வளவு இறங்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சாரிடம் இதைச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

பதிவேட்டில் கட்டம் காலியாகவே இருக்கிறது.

மார்ச் 12, புதன்

47இன் வயிறு பக்கவாட்டில் பெருத்துவிட்டது. மடி இறங்கத் தொடங்கியிருக்கிறது. மாடத்தி தினமும் அதைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். நான் தளர்வான சட்டைக்கு மாறிவிட்டேன், வெயில் அதிகம் என்பதால்.

மார்ச் 19, புதன்

நாளை காலை அறுவை. பட்டியல் வந்துவிட்டது. பன்னிரண்டு எண்கள். முதலில் 47.

மத்தியானம் அலுவலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

"சார், நாப்பத்தேழுக்கு ஒரு கால் நொண்டுது. வேற ஆடு போட்டுக்கலாமா?"

"நொண்டியா? அப்ப அதத்தான் மொதல்ல அறுக்கணும். வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

வெளியே வந்து வேம்படியில் உட்கார்ந்தேன். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது. இரண்டே எழுத்து. அதைச் சொன்னால் அந்த ஆடு பிழைக்கும். சொன்னால் யாரோ கேட்டுவிடுவார்கள், ஏதோ விழித்துக்கொள்ளும், 47க்கு ஏதாவது ஆகிவிடும், அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பும். இப்படித்தான் என் புத்தி வேலை செய்கிறது. அறிவியலில் முதுகலை.

மார்ச் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரை மணி. பன்னிரண்டு ஆடுகளும் கம்பி வேலி போட்ட நடைத்தடத்துக்குள் வரிசையாக நின்றன. 47 முன்னால். மாடத்தி அதன் காதைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தாள் என்றுதான் பெயர், தடவிக்கொண்டிருந்தாள். சந்தானம் சார் பதிவேட்டோடு நின்றார். அறுக்கிற ஆட்கள் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இளம் பனியில் எல்லாம் மங்கலாக, ஏற்கெனவே ஒரு முறை நடந்து முடிந்ததுபோல இருந்தது. நான் எதுவும் சொல்லாமலிருந்தால் இது இப்படியே மெதுவாக நகர்ந்து முடிந்துவிடும் என்று தோன்றியது. யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். பதிவேடு சுத்தமாக இருக்கிறது.

47 திரும்பி என் விரலைத் தேடியது.

"சார், நாப்பத்தேழ விட்டுருங்க."

"நேத்து நொண்டின்னீங்க. நல்லாத்தானே நடந்து வந்துச்சு?"

"நொண்டி இல்ல சார். சினை."

சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அறுக்கிற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தன மாசம்?"

"நாலு."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். "ஒரு எடத்துலகூட இல்லையே? வாரா வாரம் ரத்தம் எடுக்கிறீங்க. தெரியாமயா இருந்துச்சு?"

"தெரியும் சார்."

"பின்ன ஏன் எழுதல?"

எனக்கு வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. "எழுதினா நிக்காதுன்னு பயம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆட்டுக்கா?"

"ஆட்டுக்கும்."

 தடத்துக்குள் ஏதோ ஓர் ஆடு தும்மியது. வழக்கமாகச் சொல்கிறவள் அன்றைக்கு ஆயுசு சொல்ல மறந்துவிட்டாள்.  விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். மாடத்தி ஆட்டை விட்டுவிட்டு வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சார் பேனாவை எடுத்து, பதிவேட்டில் அந்தக் கட்டத்தைத் தேடி, தானே எழுதினார். பிறகு என்னைப் பார்க்காமல், மிகவும் கோபமாக இருப்பவர்போலச் சொன்னார்:

"இன்னையிலேருந்து நீங்க அறுவை ஷெட்டுக்கு வரக் கூடாது. குட்டி போடுற கொட்டகைப் பக்கமும் போகக் கூடாது. ஆட்டோட பிரசவத்துல என்னென்ன தொத்தும்னு ஒரு கால்நடை டாக்டருக்கு நான் சொல்லித் தரணுமா? அந்த கிராஃபும் போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"போங்க. போய் உக்காருங்க."

மாடத்தி 47ஐ வெளியே இழுத்தாள். அது போகும் வழியில் கம்பித் தடத்தின் ஓரத்து அகத்திக் கொப்பு ஒன்றைச் சாவகாசமாகக் கடித்துக்கொண்டு போனது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று அவளிடம் கேட்டேன்.

"மாட்டுப் பொங்கலன்னைக்கே தெரியும். நான் போட்ட காப்பிய வேம்புக்கு ஊத்துனீகள்லா? ரெண்டு மாசமா அந்த மரந்தான் குடிக்கி. நீங்களே வாயத் தொறக்காம நான் எப்படிக் கேக்க?"

மார்ச் 21, வெள்ளி

காலையில் எழுந்ததும் படுக்கையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஊசி போட்டேன்.

வரைபடத்திலிருந்து 47இன் கோட்டை அழித்தேன். மிச்சம் பத்தொன்பது கோடுகள். புழு காவலைத் தணிப்பது இப்போதும் தெரிகிறது, ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அறுத்த பதினொரு தலைகளில் மொத்தம் நூற்று எழுபத்தொன்பது புழுக்கள். வேறொருவர் எண்ணி எழுதிக் கொடுத்தார். நான் ஒளித்த ஒன்றினால் மூன்று மாத வேலையில் பாதி வீணாகிவிட்டது. அது என் தப்பு, அதை அறிக்கையிலும் எழுதிவிட்டேன்.

நயினாருக்குப் போன் செய்தேன்.

"சொல்லிட்டேன்."

"யாருட்ட?"

"சந்தானம் சார்ட்ட. மாடத்திட்ட. அறுக்க வந்த நாலு பேருட்ட."

கிரேன் உச்சியில் வீசும் காற்றை மீறிக் கேட்டார்: "எங்க அம்மைக்கே நான் சொல்லல. கறிவெட்டுதவங்களுக்கு மொதல்ல சொல்லிட்டியா?" பிறகு சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. நானும் அழுதேன்.

மார்ச் 26, புதன்

மண் பாட்டிலிலிருந்து ஈ வெளியே வந்துவிட்டது. பிப்ரவரியில் 31 தும்மிப் போட்ட புழு. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளி. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வாய் இல்லை. பாடத்தில் படித்ததுதான், இருந்தாலும் நேரில் பார்க்கும்போது வேறு. இனி இது எதையும் சாப்பிடாது. மூக்குக்குள் தின்றதை வைத்துச் சில நாள் பறந்து, பிள்ளைகளை ஓர் இடத்தில் சேர்த்துவிட்டுச் செத்துப்போகும்.

மருந்துப் பஞ்சைப் பாட்டிலுக்குள் போட்டேன். எனக்கு மிச்சமிருக்கும் ஒன்பது ஆடுகளின் மூக்கு முக்கியம். ஆனால் அது அசையாமல் போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

47 இன்று குட்டி போட்டது.

எனக்குக் கொட்டகைக்குள் அனுமதியில்லை. வேலிக்கு வெளியே, காற்றுக்கு எதிர்த்திசையில், ஐம்பது அடி தள்ளி ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள் மாடத்தி. கல்யாண வீட்டில் வேண்டாத மாமனை உட்கார வைப்பதுபோல. அங்கிருந்தே நான் கத்தினேன், உள்ளிருந்தே அவள் பதில் கத்தினாள்.

"முன்னங்கால் தெரியுதா?"

"ரெண்டும் தெரியுது. நீங்க சும்மா இருங்க!"

"தலை?"

"தலையும் வருது. நான் என்ன ஆட்டையே பாக்காதவளா?"

வெயில் ஏறியது. கரிசல் வெடிப்புகளிலிருந்து வெக்கை நெளிந்து நெளிந்து எழுந்ததில், கொட்டகையும் மாடத்தியும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அசைந்தார்கள். அப்புறம் அவள் எதையோ தூக்கிக் காட்டினாள். ஈரமான, வெள்ளையும் செம்பழுப்புமான ஒரு சின்ன மூட்டை. மூட்டைக்கு நான்கு கால் முளைத்தது. அது தலையை உதறித் தும்மியது.

"நூறு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

பெட்டைக் குட்டி. நான் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன். இந்த வாரத்திலேயே அசைவு தெரியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்றும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இல்லை. ஸ்கேனில் எல்லாம் சரி, சிலருக்குத் தாமதமாகும் என்கிறார் டாக்டர். நான் மறுபடியும் மெதுவாக நடக்கிறேன், மெதுவாகப் பேசுகிறேன். கனவில் மறுபடி அந்தத் தாழ்வாரம். இந்த முறை விரலை நீட்டிக்கொண்டே நடந்தேன், பிடிக்க யாரும் வரவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மத்தியானம். உடை மர நிழல். கட்டிலில் உட்கார்ந்து ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாடத்தி எதிரே தரையில் உட்கார்ந்து தீவனத்தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். 47இன் குட்டி தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. கடைசி மிளகாயை இன்று மூட்டை கட்டுகிறார்கள் போல. கிழக்கேயிருந்து காற்று ஒரு சுழற்று சுழற்றி, நெடியை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தது.

இரண்டு கையிலும் குழாய்கள். மூக்கைப் பிடிக்கக் கை இல்லை.

தும்மினேன். நான்கு மாதமாக அடக்கி வைத்த தும்மல் எல்லாம் சேர்ந்து வந்ததுபோல இருந்தது. அடிவயிறுவரை இழுத்துக் குலுக்கியது. ஆடுகள் மிரண்டு எழுந்தன. குட்டி பால் குடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தது.

"நூறு" என்றாள் மாடத்தி, தட்டிலிருந்து கண் எடுக்காமல்.

நான் அசையவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் வழியாக ஏதாவது இறங்குகிறதா என்று காத்திருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு முட்டு. இடது பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே. குட்டி மடியை முட்டுமே, அப்படி. ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று, முதலாவதைவிடக் கோபமாக.

"மாடத்தி."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். தட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குனிந்து என் வயிற்றுக்கு மிக அருகே வாயை வைத்து, அங்கே இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இருநூறு."

வீட்டுக்கு வந்து சிவப்புப் பேனாவைத் தேடினேன். கிடைக்கவில்லை. பரவாயில்லை, நீலத்திலேயே எழுதுகிறேன். இருபது வாரம், இரண்டு நாள். எனக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது.